அப்பா எடுத்த சாதா கெப்

என் அப்பா எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். கறிக்குக் கோவா வாங்கினால் அந்த உருண்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கிப் பார்ப்பார். சப்பாத்து வாங்கப் போனால் கடைக்காரர் பேசுவதைக் காதில் வாங்காமல் அடியை மடித்து மடித்துப் பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னாலும், வீட்டுக்கு வந்து என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் அவருக்கு நிம்மதி வரும்.

அவர் பெயர் சின்னத்தம்பி. ஆனால் ராகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் ‘கெப்காரர்’ என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஃபெக்டரியின் தேயிலை லொறியில் கிளீனராக ஏறினார். பிறகு அதே லொறிக்கு ட்ரைவரானார். அதையும் விட்டுவிட்டு, நுவரெலியாவில் ஒருவர் கழித்த, பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள பழைய கெப் ஒன்றை வாங்கினார். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலும் ஆற்றோரத்திலும் எங்கள் ஆட்கள் போடுகிற லீக்ஸ், கரட், பீட்ரூட் எல்லாம் அந்தக் கெப்பில்தான் நுவரெலியா சந்தைக்குப் போகும். மழையோ மண்சரிவோ, அப்பா சந்தையைத் தவறவிட்டதில்லை. அதனால்தான் ஆட்கள் அவரிடம் சாக்கைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கொழுந்தெடுக்கப் போவார்கள்.

2002இல் அவருடைய வலது தோள் இறுகிப்போனது. சீனி வருத்தம் இருக்கிறவர்களுக்கு இப்படி வரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே எழும்பாது. சட்டை போடும்போது முதலில் வலது கையை நுழைத்துவிட்டு, உடம்பை வளைத்து மற்றக் கையைத் தேடுவார். அவருக்கு வலி இருப்பது அம்மாவுக்குத் தெரியும். வண்டி ஓட்டுவதே சிரமம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கேயாவது போக வேண்டும், ஏதாவது படிக்க வேண்டும் என்று மனம் துடித்துக்கொண்டே இருக்கும். எங்கே, என்ன என்று மட்டும் தெரியாது. “சந்தையில கணக்கு எழுத மகள் வருது” என்று அப்பா எல்லாரிடமும் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கணக்கு எழுத ஆளே தேவையில்லை, எல்லாம் அவர் தலையில் இருக்கும். நான் போனது ஃபெக்டரி முடக்குக்காக.

தோட்டத்து ரோட்டில் ஃபெக்டரிக்குக் கீழே ஒரு முடக்கு இருக்கிறது. ஸ்டேரிங்கை முழுவதும் ஒடித்தால்தான் வண்டி திரும்பும். ஒரு பக்கம் மண்மேடு, மற்றப் பக்கம் பள்ளம். முடக்கு நெருங்கியதும் அப்பா இரண்டு தடவை ஹோன் அடித்துவிட்டு “ம்” என்பார். நான் பக்கத்து சீட்டிலிருந்து எட்டி ஸ்டேரிங்கின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்து என் பக்கம் இழுப்பேன். எதிரே யாராவது வந்தால் கையை எடுத்து முன்னால் தூசி துடைப்பதுபோல நடிப்பேன்.

“ஏன் நிரூபா, எந்நேரமும் தொடைச்சுக்கிட்டே இருக்கே? கெப்பு தேஞ்சிறப் போகுது” என்று ஒருநாள் ராக்காயி அக்கா கேட்டார். அவர் எங்கள் லயத்துக்காரர், கரட் போடுகிறவர். அப்பா சிரித்துவிட்டு, “படிச்ச புள்ளல்ல, சுத்தம் பாக்குது” என்றார்.

இது வெளியே தெரிந்தால் சாக்குகள் எல்லாம் வேறு வண்டிக்குப் போய்விடும். கை வராத ட்ரைவரிடம் யார் சரக்கு ஏற்றுவார்கள்? அப்பாவின் வாழ்க்கை முழுவதும் அந்த ஸ்டேரிங்கில்தான் இருந்தது.

மறு வருஷம் பழைய கெப்பின் அடிச்சட்டம் உளுத்து உடைந்தது. இனி ஒட்டுப்போட இரும்பே இல்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அந்த நேரம் லீசிங்கில், மாதத் தவணைக்கு, புது வண்டி எடுப்பது எங்கள் பக்கம் வரைக்கும் வந்திருந்தது. ராகலையில் உரக்கடை வைத்திருக்கிற மஃறூப் நானா அப்பாவுக்காகப் பிணைக் கையெழுத்து வைக்கிறேன் என்றார். கூடவே ஒரு விஷயமும் சொன்னார்.

“எடுக்கிறதா இருந்தா பவர் ஸ்டேரிங் உள்ளத எடுங்க சின்னத்தம்பி. ஒத்த வெரலால திருப்பலாம்.”

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். “ஒத்த வெரலாமே. ஒத்த வெரலு!” புது வண்டி வந்தால் கை விஷயம் யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் சந்தோஷம். நானும் அந்த சீட்டிலிருந்து இறங்கிவிடலாம்.

கண்டியில் உள்ள ஷோரூமிலிருந்து வந்த படத்தாளை நான் வாசித்துச் சொன்னேன். ஒரே கெப் மூன்று தரத்தில் இருந்தது. சாதா கெப்பில் ஏசி இல்லை, கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும், பவர் ஸ்டேரிங் இல்லை. நடுத்தரத்தில் பவர் ஸ்டேரிங் உண்டு, ஏசி உண்டு. மூன்றாவது ஃபுல் ஒப்ஷன். கண்ணாடி பட்டனில் இறங்கும், சக்கரமெல்லாம் பளபளவென்று இருக்கும். அது எங்களுக்கு எட்டாது. நடுத்தரத்தைத்தான் எடுக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தோட்டத்தை நடத்துகிற தொரைக்குக் கொம்பனி கொடுத்திருந்ததும் அதே கெப்தான். அதே நடுத்தரம், அதே சாம்பல் நிறம்.

அதை எப்படியோ கண்டாக்கய்யா கேள்விப்பட்டுவிட்டார். தொரைக்கு அடுத்து எங்கள் மலைகளில் வேலை வாங்குகிறவர் அவர்தான். ஒருநாள் லயத்துப் பக்கம் வந்து, அப்பா கெப் நிறுத்துகிற கொட்டகையைப் பிரம்பால் தட்டிப் பார்த்தார்.

“என்னா சின்னத்தம்பி, தொரையோட கெப்பு மாதிரியே எடுக்கப் போறியாமே?”

“நடுத்தரமுங்கய்யா. ரோட்டுக்கு நல்லதுன்னு சொன்னாங்க.”

“ரோட்டுக்கு நல்லது. ஒனக்கு நல்லதா? காலையில பெரட்டுல ஆளுங்களுக்கு வேல பிரிச்சுக் குடுக்கிற நேரம் சாம்பல் கெப்பு ஒன்னு வருது. ஆளுங்க தலத்துண்ட எடுக்குறாங்க. பாத்தா உள்ளுக்கு நீ! எப்படி இருக்கும்?”

“நா ஒதுங்கிப் போயிருவேனுங்கய்யா.”

“தொர ஒன்னும் சொல்லல. நாந்தான் சொல்றேன். இந்தக் கொட்டக நிக்கிறது தோட்டத்து எடம். யோசிச்சுக்க.”

அவர் போன பிறகு அம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை. அம்மா பெயர் வேலாயி. இருபது வருஷத்துக்கு மேலாகக் கொழுந்தெடுக்கிறார். “தொர வீட்டுச் சோத்தையா பங்கு கேட்டோம்? அவரு கெப்பு அவருக்கு, நம்ம கெப்பு நமக்கு. நீங்க நடுவுல உள்ளதையே எடுங்க. பயந்துக்கிட்டு வந்து நிக்காதீங்க.”

“யாருடி பயந்தா?” என்றார் அப்பா.

கண்டிக்கு நானும் அப்பாவும் மட்டும் போனோம். நடுத்தரம்தான் என்று முடிவு செய்துகொண்டே போனோம். பஸ்ஸில் இரண்டு தடவை என்னிடம் அதைச் சொன்னார். ஷோரூமின் தரை கண்ணாடிபோல மின்னியது. அப்பா வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றப் போனார், நான் தடுத்தேன். றிஷாத் என்ற இளைஞர் வந்து எங்களோடு தமிழில் பேசினார். நல்ல மனிதர். சாதாவும் நடுத்தரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

“அண்ணன், எடுக்கிறதுன்னா நடுத்தரம் எடுங்க. வாங்க, இதே மாதிரி ஒன்னு வெளிய நிக்குது. நீங்களே ஒரு ரவுண்ட் ஓட்டிப் பாருங்க. பேராதனைப் பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம்.”

அப்பாவின் முகம் மாறியது. கண்டி டவுனில், அந்த நெரிசலில், பக்கத்தில் றிஷாத் இருக்கும்போது கை வராமல் போனால்? நான் எட்டிப் பிடிக்கவும் முடியாது.

“ஓட்டத் தேவல்ல தம்பி. நின்ன எடத்துலயே பாத்தா எனக்குத் தெரியும்.”

“ஓட்டாம எப்படி அண்ணன் தெரியும்?”

“முப்பது வருஷமா ஓட்டுறேன். தெரியும்.”

றிஷாத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் அந்தப் பக்கம் போனதும் அப்பா சட்டென்று நடுத்தரக் கெப்புக்குள் ஏறி ஸ்டேரிங்கைப் பிடித்தார். திருப்பினார். அது கல் மாதிரி இருந்தது. இடது கையையும் சேர்த்துத் திருப்பினார். கொஞ்சம் அசைந்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினார். பிறகு சாதாவில் ஏறினார். அதன் ஸ்டேரிங் அந்த வழவழத் தரையில் லேசாகச் சுற்றியது. இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். கதவருகில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

“நிரூபா, நீ திருப்பிப் பாரு. அதையும் பாரு, இதையும் பாரு.”

நானும் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். நடுத்தரம் இறுக்கம், சாதா இளக்கம்.

“ஒத்த வெரலாம்! மஃறூப் நானா ஓட்டிப் பாத்துட்டா சொன்னாரு? யாரோ சொன்னதக் கேட்டுச் சொல்லிட்டாரு. கூட வெல வாங்கத்தான் இந்தப் பவரு கிவரு எல்லாம்.”

“அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாப்போம்ப்பா.”

“என்னான்னு கேக்குறது? எனக்குக் கை வரல, எது லேசுன்னு கேக்குறதா?”

றிஷாத் திரும்பி வந்தபோது அப்பா சாதா கெப்பின் மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். “இதையே போடுங்க தம்பி” என்றார். றிஷாத் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அப்பா கேட்கவில்லை. வெள்ளை நிறம் கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா நிம்மதியாகத் தூங்கினார். கை சொன்னதைத்தான் கேட்டேன் என்று இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் கண்டாக்கய்யாவின் பேச்சு அந்தக் கைக்குள் கொஞ்சம் இருந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். சாதா லேசாக இருந்ததில் அப்பாவுக்கு ஒரு பாரம் இறங்கினமாதிரி இருந்தது. அந்தப் பாரம் தோளில் இருந்தது மட்டும் இல்லை.

பத்திரவேலை முடிந்து கெப்பை எடுக்கப் போனோம். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை என்று வேகம் குறையாமல் வரும்வரை ஒன்றும் தெரியவில்லை. புது வண்டியின் வாசனை, புது சீட், அப்பா வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வந்தார். இறம்பொடைக்கு வந்து முடக்குகள் தொடங்கியதும் பாட்டு நின்றது. மெதுவாகப் போய் ஒடிக்கும் இடங்களில் சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுத்தது. பழைய கெப்பின் ஒல்லிச் சக்கரம் இல்லை இது, அகலமான புதுச் சக்கரம். முன்பக்கமும் பாரம். “ம்” என்றார் அப்பா. நான் எட்டிப் பிடித்தேன். அடுத்த முடக்கில் மறுபடியும் “ம்”. பழைய கெப்பில் ஒரு முடக்குக்குத்தான் என் கை வேண்டும். இதில் எல்லா முடக்குக்கும் வேண்டியிருந்தது. பின்னால் வந்த பஸ் ஹோனை விடாமல் அடித்தது.

நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு அப்பா இறங்கி நின்றார். தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். “புது வண்டி. ஓட ஓட எளகும்” என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

தோட்டத்தில் கோயிலடியில் பூசை போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். கண்டாக்கய்யாவும் வந்திருந்தார். வெள்ளைக் கெப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்ல முடிவு” என்று அப்பாவின் வலது தோளில் தட்டினார். அப்பா கண்ணை மூடித் திறந்தார்.

அந்த வாரத்திலேயே ஃபெக்டரிக்கு முன்னால் தொரை எதிரே வந்தார். அப்பா வழக்கம்போல ஓரம் கட்டி இறங்கி நின்றார், நானும் இறங்கினேன். தொரை இளவயதுச் சிங்களவர். தோட்டத்தில் கேட்டுப் பழகிய தமிழ் பேசுவார். சாம்பல் கெப்பை நிறுத்தி இறங்கி வந்து எங்கள் கெப்பின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பக்கத்தில் கண்டாக்கய்யா நின்றார்.

“சின்னத்தம்பி, ஏன் இது எடுத்தது? இந்த ரோட்டுக்கு பவர் ஸ்டேரிங் வேணும் தானே?”

“திருப்பிப் பாத்தேனுங்க தொர. பவருதான் இறுக்கமா இருந்துச்சு. இது லேசா இருந்துச்சுங்க.”

“எஞ்சின் போட்டு பார்த்ததா?”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

“எஞ்சின் ஓடாம பவர் வராதே! அப்போ இறுக்கமா தான் இருக்கும்.” தொரை சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரித்தார். “வா, இதுல ஏறு. ஏறிப் பாரு.”

“வேணாமுங்க தொர.”

“ஏறு, ஏறு.”

அப்பா கண்டாக்கய்யாவைப் பார்த்தார். அவர் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா காலைத் தட்டி மண்ணை உதறிவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த தொரையின் கெப்பில் ஏறி உட்கார்ந்தார். வலது கையை ஸ்டேரிங்கில் வைத்தார். நான் எட்டிப் பிடிக்க அங்கே இல்லை. ஆனால் ஸ்டேரிங் தானாகப் போவதுபோல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. முன்சக்கரங்கள் சரளைக்கல்லை அரைத்துக்கொண்டு திரும்பின. அப்பா மறுபடியும் திருப்பினார், இந்தத் தடவை இரண்டு விரலால். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உடனே இறங்கவில்லை.

“எப்படி?”

“நல்லா இருக்குங்க தொர.”

“இது மாதிரியே எடுத்திருக்கலாமே.”

“தொரைக்கு இருக்கிற மாதிரி எடுக்கக் கூடாதுன்னு...” என்று அப்பா ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“எனக்கா? இது கொம்பனி கெப். என்னோடது இல்லையே. மாத்தினா நாளைக்கு நான் வேற தோட்டம்.” தொரை ஏறிக்கொண்டு போய்விட்டார். கண்டாக்கய்யா ஃபெக்டரிக்குள் போனார்.

வண்டியை மாற்றித் தர முடியுமா என்று றிஷாத்திடம் தொலைபேசியில் கேட்டோம். லீசிங்கில் பதிவான வண்டியை மாற்ற முடியாது என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

பிறகு மாதக்கணக்கில் அந்தக் கெப்பை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டினோம். லோட் ஏற்றினால் இன்னும் பாரம். சந்தையிலிருந்து வந்தால் என் முன்கை நடுங்கும். அப்பா சோற்றை இடது கையால் சாப்பிடத் தொடங்கினார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். இளகும் இளகும் என்று சொன்ன வண்டி இளகவில்லை.

ஒருநாள் மழை. மேலே பின்தட்டில் சாக்குகளோடு இரண்டு பெண்கள் மழைப் படங்குக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபெக்டரி முடக்கில் அப்பா “ம்” என்றார். நான் இழுத்தேன். அதே நேரம் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அப்பா மறுபக்கம் திருப்பப் பார்த்தார், எனக்கு அது தெரியாமல் இன்னும் இழுத்தேன். அவர் கையும் என் கையும் ஸ்டேரிங்கில் சண்டை பிடித்தன. கெப் ஓரத்துக் கல்லில் முட்டி நின்றது. அந்தக் கல்லுக்கு அப்புறம் பள்ளம்தான். மேலே இருந்த பெண்கள் கத்தினார்கள். மோட்டார் சைக்கிள்காரன் சிங்களத்தில் திட்டிவிட்டுப் போனான்.

யாருக்கும் காயம் இல்லை. அப்பா எஞ்சினை நிறுத்தினார்.

“இனி நா புடிக்க மாட்டேன்ப்பா.”

“மெதுவாப் பேசு. மேல கேக்கும்.”

“கேக்கட்டும். அவங்க உசிரும்தான் மேல இருக்கு. நீங்க சொல்றீங்களா, நா சொல்லட்டுமா?”

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டேரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நாஞ் சொல்றேன்” என்றார்.

அடுத்த சந்தை நாளில் சாக்கு ஏற்றுகிற இடத்தில் எல்லாரும் நின்றார்கள். அழகன் அண்ணனும் நின்றார். முன்னே எங்கள் தோட்டத்து ட்ராக்டர் ஓட்டியவர். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “இனிமே அழகந்தான் ஓட்டுவான்” என்றார்.

ராக்காயி அக்கா கைகொட்டிச் சிரித்தார். “பாத்தீங்களா, புதுக் கெப்பு வந்ததும் நம்ம கெப்காரரு தொரையாயிட்டாரு! ட்ரைவர் வச்சிக்கிறாரு! நாங்க சலாம் போடணுங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா அப்படியே விட்டிருக்கலாம். சிரிப்போடு சிரிப்பாக அது போயிருக்கும். அவர் விடவில்லை.

“தொரையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்குக் கை வரல.” வலது கையைத் தூக்கிக் காட்டினார். கை நெஞ்சு வரைக்கும் போய் அங்கேயே நின்றது. இன்னும் தூக்கப் பார்த்தார். அது எழும்பவில்லை. “இவ்வளவு நாளும் இந்தப் புள்ளதான் ஸ்டேரிங்கப் புடிச்சிச்சு.”

சிரிப்பு நின்றது. போன சந்தையன்று மேலே உட்கார்ந்து வந்த பெண்களில் ஒருத்தி, “அடப் பாவி மனுசா, எங்கள ஏத்திக்கிட்டா?” என்றாள். அவளுடைய புருஷன் தன் சாக்கை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் வருகிற வேறு லொறிக்காக நடந்தார். இன்னொருவரும் போனார். அப்பா அவர்களைக் கூப்பிடவில்லை.

ராக்காயி அக்கா தன் கரட் சாக்கை அழகன் அண்ணனின் பக்கம் தள்ளினார். “நேரம் போகுது, ஏத்துடா. கெப்காரரே, அந்தக் கைக்கு ஒழுங்கா மருந்தெடுங்க மொதல்ல.”

சாக்கு ஏற்றி முடிந்ததும் அப்பா பழக்கத்தில் வலது பக்கக் கதவைத் திறந்தார். அங்கே அழகன் அண்ணன் ஏறிக்கொண்டிருந்தார். அப்பா கதவை அவருக்காகவே பிடித்திருந்ததுபோலச் சாத்திவிட்டு, கெப்பின் முன்னால் சுற்றிக்கொண்டு போய் மற்றப் பக்கத்தில் ஏறினார். நான் ரோட்டிலேயே நின்றேன். வா என்று அவரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

கெப் இறங்கிப் போய் மறைந்தது. நான் அங்கேயே நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஃபெக்டரி முடக்கில் அப்பா எப்போதும் இரண்டு தடவை ஹோன் அடிப்பார். அழகன் அண்ணன் ஒரு தடவைதான் அடித்தார்.